ஏழாம் மாதத்தில் ஒரு ஜீப் பயணம்

"ஷாக் அப்சார்பரைப் பற்றி எழுதப் போறியா? அதுவும் பொம்பளைங்க பத்திரிகைக்கு?" என்று என் வீட்டுக்காரரே கேட்டுச் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம், சகோதரிகளே. ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் சிரித்திருப்பேன். எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் தறியின் விழுதும் அச்சும் தெரியுமே தவிர, வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? ஆனால் பெற்ற பெண் ஏழு மாத வயிற்றோடு மலைக் காட்டுப் பாதையில் இறங்கி வர வேண்டும் என்றால், ஒரு தாய் எதையும் கற்றுக்கொள்ளத்தான் செய்வாள்.

என் பெண்ணைக் கொடுத்திருப்பது ஜவ்வாது மலையில். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். சம்பந்தி வீட்டில் சாமையும் புளியும் விளைகிறது. நல்ல மனுஷர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பாதையைத் தவிர. ஜமுனாமரத்தூர் வரைக்கும் தார் ரோடு. அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர் மண்ணும் கல்லும்தான். மழை பெய்தால் ஓடையும் சேர்ந்துகொள்ளும். அதில் போகக் கூடியது சம்பந்தியின் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றுதான்.

போன வருஷம் தீபாவளிச் சீர் எடுத்துக்கொண்டு நாங்கள் போனோம். பெண்ணுக்கு அப்போது நாலாம் மாதம். அந்த ஜீப்பின் பின்பக்கப் பலகை சீட்டில் நானும் பலகாரக் கூடையும். போய் இறங்குவதற்குள் அதிரசம் அவ்வளவும் தூள்! என் இடுப்போ ஒரு வாரத்துக்கு எண்ணெய் தேய்த்தும் சரியாகவில்லை. "இந்த வண்டியில் இவள் எப்படி ஏழாம் மாதம் வருவாள்?" என்று அன்று பிடித்த கவலைதான்.

சம்பந்தியிடம் ஜாடையாகச் சொன்னேன். அவர் தங்கமான மனுஷர். "ஷாக்கப்சர் போயிருக்கும்மா, மாத்திடறேன்" என்றார். சொன்னபடி கார்த்திகை மாதமே ஏதோ ஒரு கடையில் நாலும் புதிதாக வாங்கி மாட்டினார். "இருக்கிறதிலேயே ஸ்டிராங்கானதாக் குடுங்க" என்று கேட்டு வாங்கினாராம். விலையும் இரண்டு பங்கு.

அடுத்த வாரம் என் பெண்ணை மாதாந்திரப் பரிசோதனைக்கு அந்த ஜீப்பில் கூட்டிப் போனார்கள். அன்று ராத்திரி அடிவயிறு வலிக்கிறது என்று அவள் அழுதாளாம். எனக்குப் போன் வந்தபோது மணி பத்து. மறுநாள் லேடி டாக்டர் பார்த்து, "குழந்தை நல்லா இருக்கு, பயப்பட வேண்டாம். ஆனா இந்த மாதிரி குலுக்கல் இனிமே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புது ஷாக் அப்சார்பர் போட்ட பிறகு வண்டி முன்னைவிட அதிகமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது என்று மாப்பிள்ளை சொன்னார்.

சம்பந்தி அம்மாள், "வளைகாப்பை இங்கேயே வெச்சுட்டு, பிரசவத்தையும் இங்கேயே பார்த்துக்கலாம் அண்ணி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் தலைப் பிரசவம் அம்மா வீட்டில் என்று பெண் ஆசையாக இருக்கிறாளே! அவசரம் என்றால் அந்த ஏழு கிலோமீட்டரைத் தாண்டித்தானே ஆஸ்பத்திரி? பாதையை என்னால் மாற்ற முடியாது. வண்டியையாவது சரி பண்ண முடியுமா என்று பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

தொட்டிலும் முறுக்கு அச்சும்

மார்கழியில் சம்பந்தி புளி மூட்டை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தார். "அண்ணே, ஒரு நாள் வண்டியை எங்க ஊர்ல விடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷமாக ஜீப்பும் லாரியும் பார்த்த கை. அவர் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, வண்டி பாரத்தை யார் தாங்கறான்னு நெனைக்கறே? ஷாக்கா?"

"ஆமாம், அதுதானே பேரே?" என்றேன்.

"அதான் தப்பு. பாரத்தைத் தாங்கறது ஸ்பிரிங் பட்டை. பள்ளத்துல விழுந்தா வளைஞ்சு குடுக்கறதும் பட்டைதான். ஷாக்கோட வேலை, அந்தப் பட்டை ஆடற ஆட்டத்தை நிறுத்தறது."

எனக்கு உடனே ஸ்பிரிங் தொட்டில் ஞாபகம் வந்தது. குழந்தையைப் போட்டு ஒரு தரம் இழுத்துவிட்டால் மேலும் கீழுமாகத் தானே ஆடிக்கொண்டிருக்கும். நாம் கையை வைத்து மெல்லப் பிடித்தால்தான் நிற்கும். அந்தக் கைதான் ஷாக் அப்சார்பர்! கையே வைக்காவிட்டால் தொட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். வெடுக்கென்று இறுக்கிப் பிடித்தால் குழந்தை திடுக்கிட்டு விழிக்கும். இதமாகப் பிடிக்க வேண்டும். இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்றும் பெரியவர் சொன்னார். ஒரு குழாய், அது நிறைய எண்ணெய், அதற்குள் மேலும் கீழும் போகும் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றுக்கு மூடிகள். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். நம் முறுக்கு அச்சு மாதிரிதான். மெதுவாக அழுத்தினால் மாவு சுகமாக இறங்கும். வேகமாக அழுத்தினால் கையை எதிர்க்கும். அந்த எதிர்ப்புதான் ஆட்டத்தை அடக்குகிறது. அடக்கிய வேகம் எல்லாம் சூடாக மாறி எண்ணெயில் ஏறும். அதனால்தான் நீண்ட கரடுமுரடுப் பாதையில் ஓடி வந்த வண்டியின் ஷாக் அப்சார்பர் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது.

'ஸ்டிராங்' என்றால் சுகம் இல்லை

சம்பந்தி செய்த தவறு நாம் எல்லோரும் செய்யக் கூடியதுதான். விலை அதிகம், விறைப்பு அதிகம் என்றால் நல்லது என்று நினைத்துவிட்டார். அவருக்குக் கொடுத்தவை நிறையப் பாரம் ஏற்றுகிற வண்டிக்கானவை. நாலு பேர் உட்கார்ந்து போகும் ஜீப்புக்கு அவை மிகவும் விறைப்பு. சின்னக் கல்லில் ஏறினாலும் பட்டையை வளைய விடாமல், அடியை அப்படியே சீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

இன்னொன்றும் பெரியவர் கண்டுபிடித்தார். வண்டியை முன்பு வைத்திருந்த யாரோ பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். பட்டைகளுக்கு நடுவே துருவும் மண்ணும் ஏறி, ஒன்றோடொன்று நழுவாமல் இறுகிப் போயிருந்தன. டயரிலும் காற்று கல்லு மாதிரி அடித்திருந்தது. "பட்டையும் வளையாது, டயரும் அமுங்காது, ஷாக்கும் விடாது. அப்புறம் குலுங்காம என்ன பண்ணும்?" என்றார்.

நம் உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில், வினாடிக்கு 4 முதல் 8 முறை வரை வருகிற அதிர்வைத்தான் அதிகமாக உணர்கிறது. முதுகெலும்பும் வயிற்றுப் பகுதியும் அந்த வேகத்தில் கூடச் சேர்ந்து அதிரும். சுகமாக ஓடும் காரின் ஸ்பிரிங் வினாடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் மெல்ல ஏறி இறங்கும். பட்டை விறைக்க விறைக்க அந்த எண்ணிக்கை ஏறும். அதனால்தான் சில வண்டிகளில் ஒரு மணி நேரம் போனாலே முதுகு விட்டுப் போகிறது.

அப்படியானால் ரொம்ப மிருதுவாக வாங்கிவிடலாமா என்றால் அதுவும் ஆபத்து. வண்டி ஒரு பள்ளத்துக்குப் பத்து முறை ஆடும். சக்கரம் தரையை விட்டு எழும்பும். சக்கரம் தரையில் பாவவில்லை என்றால் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. வளைவும் சரிவுமான மலைப் பாதையில் இது உயிர் விஷயம். சிலருக்குத் தலை சுற்றி வாந்தி வருவதும் இந்த நிற்காத ஆட்டத்தினால்தான்.

எத்தனை வகை?

நான் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

முதல் வகை, இரட்டைக் குழாய். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். உள்ளே எண்ணெய், வெளிக் குழாயில் மீதி எண்ணெயும் கொஞ்சம் காற்றும். விலை குறைவு, ஓட்டம் மிருது. வெளிக் குழாயில் கல் பட்டுச் சின்னதாகச் சப்பளிந்தாலும் உள்ளே பிஸ்டன் தப்பித்துக்கொள்ளும். கஷ்டம் என்னவென்றால், நெடுநேரம் குலுங்கினால் எண்ணெயும் காற்றும் கலந்து, காபி ஆற்றுவதுபோல் நுரைத்துப் போகும். நுரைக்கு ஏது பலம்? ஷாக் அப்சார்பர் தொளதொள என்றாகிவிடும்.

இரண்டாவது, அதே இரட்டைக் குழாயில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்தது. நுரைப்பது வெகுவாகக் குறையும். வீட்டு உபயோகத்துக்கும், மெதுவாகப் போகும் கிராமப் பாதைக்கும் இது பொருத்தம்.

மூன்றாவது, ஒற்றைக் குழாய். ஒரே குழாயில் எண்ணெயையும் அதிக அழுத்தத்தில் உள்ள வாயுவையும் ஒரு தடுப்பு பிரிக்கும். பிரான்ஸ் நாட்டு எஞ்சினியர் டி கார்பன் என்பவர் 1950-களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சூடு சீக்கிரம் வெளியேறும், வேகமாகப் போனாலும் பிடிப்பு விடாது. ஆனால் விலை கூட. பெரும்பாலும் கொஞ்சம் விறைப்பு. குழாயில் கல் அடித்துச் சப்பளிந்தால் பிஸ்டனே மாட்டிக்கொள்ளும்.

நாலாவது, பக்கத்தில் தனி எண்ணெய்க் குடுவை வைத்தது. பாலைவனத்தில் பந்தயம் விடுகிறவர்களுக்கு வேண்டுமானால் சரி. இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் நமக்கு எதற்கு?

நம் நாட்டில் ஜீப்பு ஒன்றும் புதிசல்ல. 1947-லேயே மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. ஷாக் அப்சார்பர் செய்யும் கேப்ரியல் இந்தியா 1961-ல் தொடங்கியது. நம் தமிழ்நாட்டு ஓசூரிலேயே அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து நான் பெண் வீட்டுக்குப் போகும் வழியில், செய்யாறு பக்கத்தில், மஹிந்திராக்காரர்கள் தங்கள் வண்டிகளைக் குலுக்கியும் உருட்டியும் சோதித்துப் பார்க்க 454 ஏக்கரில் ஒரு மைதானமே வைத்திருக்கிறார்கள்!

பழைய ஜீப்புகளுக்கு நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். 2010-ல் வந்த தார் வண்டிக்குப் பின்னால் மட்டும் பட்டை. 2020-ல் வந்த புதுத் தாருக்கு முன்னும் பின்னும் சுருள் ஸ்பிரிங். ஆகவே ஒரு வண்டிக்குப் போட்டதை இன்னொன்றுக்குப் போட முடியாது. "பக்கத்து வீட்டு வண்டிக்கு இதுதான் போட்டாங்க" என்று வாங்காதீர்கள்.

வாங்கப் போகுமுன்

1. மாற்ற வேண்டியது ஷாக் அப்சார்பர்தானா என்று முதலில் பாருங்கள். வண்டியின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் சரி. மூன்று நாலு முறை ஆடினால் போய்விட்டது. குழாயில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தாலும், டயர் அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும், பிரேக் போட்டால் வண்டி மூக்கைக் குத்தினாலும் அதே அர்த்தம். அமுக்கவே முடியாமல் கட்டைபோல இருந்தால் பட்டையைக் கவனியுங்கள்.

2. வண்டியில் வழக்கமாக எத்தனை பேர், எவ்வளவு மூட்டை என்பதைக் கடைக்காரரிடம் உள்ளபடி சொல்லுங்கள். என்றோ ஒரு நாள் ஏற்றும் பாரத்தை வைத்துத் தினமும் குலுங்க வேண்டாம்.

3. வண்டியின் பெயர், வருஷம், பாக நம்பர் மூன்றும் பொருந்த வேண்டும். நீளம் முக்கியம். குட்டையாக இருந்தால் சக்கரம் இறங்கும்போது இழுபட்டு அறுந்துபோகும். நீளமாக இருந்தால் அமுங்கும்போது அடியில் போய் இடிக்கும்.

4. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். முன்பக்கம் இரண்டு அல்லது பின்பக்கம் இரண்டு என்று ஜோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

5. ரப்பர் புஷ்ஷையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். 'டக் டக்' என்ற சத்தம் பாதி அதிலிருந்துதான். வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் அந்த போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

6. இரட்டைக் குழாய் வகை கடையில் படுத்த மேனிக்குக் கிடந்திருக்கும். மாட்டுமுன் நிமிர்த்தி வைத்து ஐந்தாறு தடவை அமுக்கி இழுத்தால் உள்ளே மாட்டிய காற்று போய்விடும். முழு நீளமும் ஒரே சீராகப் போய் வர வேண்டும்.

7. பில் இல்லாமல் வாங்காதீர்கள். கழற்றிய பழையதை வெட்டவோ சூடு காட்டவோ யாரையும் விடாதீர்கள். உள்ளே வாயு அழுத்தம் இருக்கலாம்.

வண்டியை உயரம் தூக்குவது, உருவத்தை மாற்றுவது என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஜாக்கிரதை. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடம் கொடுப்பதில்லை.

ஒரு சொம்பு தண்ணீர்

பெரியவர் அந்த விறைப்பானவற்றைக் கழற்றினார். கூடுதல் பட்டைகளை எடுத்தார். மற்றவற்றைப் பிரித்துத் துரு போகத் தேய்த்து, பின்களுக்குக் கிரீஸ் அடித்தார். கம்பெனி அந்த வண்டிக்கென்று சொன்ன அளவிலேயே, வாயு அடைத்த இரட்டைக் குழாய் நாலும் மாட்டினார். டயர் காற்றை உரிய அளவுக்குக் குறைத்தார். கூலியோடு ஏழாயிரத்துச் சொச்சம். முந்தைய கடையில் கொடுத்ததைவிடக் குறைவுதான்.

"மூட்டையைக் கொஞ்சம் குறைச்சு ஏத்துங்க. பட்டை எடுத்தாச்சு" என்று பெரியவர் சொன்னபோது சம்பந்தி முகம் சுருங்கியது. புளி சீசன் ஆயிற்றே! ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ரெண்டு நடையா ஏத்திக்கறேன். மருமகளை விடவா மூட்டை?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் ஒரு பரீட்சை வைத்திருந்தேன். வேலை செய்வதற்கு முன், வேகவதி ஆற்றோரம் இருக்கும் மேடு பள்ளத்தில், மடியில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு போய் வந்தேன். பாதித் தண்ணீர் என் புடவையில்! வேலை முடிந்த பிறகு அதே சொம்பு, அதே பாதை, அதே வேகம். விளிம்பில் கொஞ்சம் தளும்பியதோடு சரி. வேகவதிக் கரையில் இப்படி ஒரு கூத்தைக் கண்டு ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பரும் டாக்டர் சொல்லுக்கு மாற்று ஆகாது. பயணத்துக்கு முன் டாக்டரைக் கட்டாயம் கேளுங்கள். ரத்தக் கசிவு, விட்டு விட்டு வரும் வயிற்று வலி, நீர் போவது, குழந்தை அசைவு குறைவது இதில் எது இருந்தாலும் பயணத் திட்டத்தை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பலகை சீட்டில் கர்ப்பிணியை உட்கார வைக்காதீர்கள். பஸ்ஸில் கடைசி சீட் எப்படித் தூக்கிப் போடும் என்று நமக்குத் தெரியாதா? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில்தான் ஆட்டம் குறைவு. பெல்ட் இருந்தால் கட்டாயம் போட வேண்டும். கீழ்ப் பட்டி வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு சேர்ந்து. மேல் பட்டி மார்புக்கு நடுவில். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. அவ்வப்போது நிறுத்தி இறங்கி நடப்பது, தண்ணீர் குடிப்பது. கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையைக் கரடுமுரடுப் பாதையில் கூட்டிப் போகாமல் இருப்பதே உத்தமம். எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து, டிரைவர் வேகத்தைக் குறைப்பது.

தை மாதம் மலையிலேயே வளைகாப்பு நடந்தது. மறுநாள் காலை பெண்ணை ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்து, மாப்பிள்ளை ஓட்டினார். அந்த ஏழு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நான் பின்னால் இருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூரில் எங்கள் வாடகைக் கார் காத்திருந்தது. "எப்படிடி இருந்துது?" என்று கேட்டேன். "நடுவுல தூங்கிட்டேன்மா" என்றாள். இரண்டு கை நிறைய அடுக்கிய கண்ணாடி வளையலில் ஒன்றுகூட உடையவில்லை.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். அவளுக்கும் ஸ்பிரிங் தொட்டில்தான் கட்டியிருக்கிறோம். ஆட்டி விட்டு, கையால் மெல்லப் பிடித்து நிறுத்தும்போதெல்லாம் அந்த மெக்கானிக் பெரியவரை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஜீப்போ காரோ இருந்தால், இன்று சாயங்காலம் வாசலுக்குப் போய் ஒரு மூலையை அமுக்கிப் பாருங்கள். எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். அதற்கு மெக்கானிக் வேண்டாம். நாமே போதும்.